எந்த ஜீவனை முதலில் வாங்குவது?

நகரத்தை விட்டுச் சிறு தோட்டத்திற்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு



மும்பையிலும் பூனாவிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் வாழும் நம்முடைய குடும்பங்களில், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்கள் ஒன்றுகூடும்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "ஊரில் ஒரு ஏக்கர் கிடக்கிறது. போய் ஒரு சிறு வீட்டைக் கட்டி, இரண்டு மாடு, நாலு ஆடு, பத்துக் கோழி வைத்துக்கொண்டால் யாரிடமும் கையேந்தாமல் பிழைத்துக்கொள்ளலாம்" என்பதே அந்தப் பேச்சு. சிலர் ஊருக்குத் திரும்புவதில்லை. நகரத்திற்கு வெளியே, கோலார் பக்கத்திலோ பூனாவிற்கு அப்பாலோ அரை ஏக்கர் வாங்கியிருக்கிறார்கள். விருப்பம் ஒன்றுதான்.

இது நல்ல விருப்பம். ஆனால் இந்த விருப்பத்தில் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் உழைத்த சகோதரர் ஒருவர், ஓய்வுபெற்ற கையோடு சாத்தான்குளம் பக்கத்திலுள்ள தம் கிராமத்திற்குத் திரும்பினார். கிராச்சுவிட்டிப் பணத்தில் இரண்டு ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்களை வாங்கினார். ஒவ்வொன்றும் நாளுக்கு 14 லிட்டர் கறக்கும் என்று தரகர் சொன்னார். சந்தையில் கறந்தும் காட்டினார். மாடுகள் ஏப்ரல் மாதத்தில் அந்தச் செம்மண் காட்டிற்கு வந்து சேர்ந்தன. மே மாதத்தில் கிணறு வற்றியது. பசுந்தீவனம் விலைக்கும் கிடைக்கவில்லை. பால் 6 லிட்டருக்கு இறங்கியது. ஒரு மாட்டிற்கு மடிவீக்கம் கண்டு இரண்டு காம்புகள் கெட்டுப்போயின. பத்தாம் மாதத்தில் இரண்டையும் பாதி விலைக்கும் குறைவாக விற்றார்.

அவர் சோம்பேறி அல்ல, ஏமாளியும் அல்ல. அவர் செய்த தவறு ஒன்றே: ஜீவனை முதலில் வாங்கிவிட்டு, அது பிழைப்பதற்கு வேண்டியதைப் பிறகு தேடினார். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்

முதலாவது, தண்ணீர். கறவைப் பசு ஒன்றிற்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு 50 முதல் 70 லிட்டர் வேண்டும்; கோடையில் இன்னும் மிகுதி. கழுவுவதற்கும் தொழுவத்திற்கும் வேறாகக் கணக்கிட வேண்டும். ஆட்டிற்குச் சில லிட்டர் போதும். பத்துக் கோழிகளுக்குக் கோடையிலும் ஒரு சிறு குடம் தண்ணீர் மிஞ்சும். உங்கள் கிணற்றை ஐப்பசியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வைகாசியில் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, தீவனம். வளர்ந்த பசு ஒன்று நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ அளவில் வைக்கோலோ சோளத்தட்டையோ தின்னும். ஆடு ஒன்றிற்கு 4 முதல் 5 கிலோ பசுந்தழை போதும். அதாவது ஒரு பசுவின் தீவனத்தில் ஐந்தாறு ஆடுகளை வளர்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல்லை நல்ல நீர்ப்பாசனத்தில் வளர்த்தால், 15 சென்ட் நிலம் ஒரு பசுவின் பசுந்தீவனத் தேவையைத் தாங்கும். பாசனம் இல்லாத மானாவாரி நிலத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வேலியோரத்தில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் ஆகிய மரங்களை நட்டு, அவற்றை நம்பி ஆடு வளர்ப்பதே விவேகம். சூபாபுல் தழையை மட்டுமே கொடுத்து வளர்க்கலாகாது; அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருளின் காரணமாக, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குமேல் அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கைகள். இதைத்தான் நகரத்திலிருந்து வருகிறவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பசுவிற்கு ஞாயிறு இல்லை, பண்டிகை இல்லை. மூன்று நாள் கன்வென்ஷனுக்குக் குடும்பமாய்ப் புறப்பட்டால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கறப்பது யார்? மகனின் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்து, பெங்களூருக்கு ஒரு மாதம் போக நேர்ந்தால் யார்? கோழிகளை அடுத்த வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்துப் போகலாம். அவர் முட்டையை எடுத்துக்கொண்டு தீனி போடுவார். ஆடுகளை மேய்க்கிறவரோடு சேர்த்து ஓட்டிவிடலாம். கறவைப் பசுவை அப்படி ஒப்படைக்க முடியாது. முழங்கால் வலி உள்ள 60 வயதுத் தம்பதியர், கறக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால், பசு வாங்குவதைத் தள்ளிவைப்பது நல்லது.

முதலில் கோழி

இந்த மூன்று கேள்விகளுக்கும் எளிதாகப் பதில் சொல்லும் ஜீவன் கோழி. இழந்தாலும் சிறிய இழப்பு, கற்றுக்கொள்வதோ பெரிது. எனவே முதலாம் ஆண்டு கோழிக்குரிய ஆண்டாக இருக்கட்டும்.

குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 4 முட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டிற்கு 1,460 முட்டை. சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி ஆண்டிற்கு 50 முதல் 80 முட்டையே இடும்; சராசரி 60 என்றால் 24 கோழிகள் வேண்டும். ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா, புறக்கடை வளர்ப்பிலேயே 160 முட்டை அளவில் இடக்கூடியது. ஒன்பது பத்துக் கோழிகளே போதும். அதே நிறுவனத்தின் வனராஜா முட்டையோடு இறைச்சிக்கும் ஏற்றது. பெங்களூரு கால்நடைக் கல்லூரியில் உருவான கிரிராஜாவும் அத்தகையதே.

அப்படியானால் நாட்டுக்கோழி எதற்கு? உயர்ரகக் கோழிகள் அடைகாக்கும் குணத்தை ஏறக்குறைய இழந்துவிட்டவை. அவற்றை மட்டும் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை விலைக்கு வாங்கவேண்டும். அது தன்னிறைவு ஆகாது. நாட்டுக்கோழி 10 முதல் 12 முட்டைகளின்மேல் அமர்ந்து, 21 நாட்களில் பொரித்து, பருந்தைக் கண்டால் இறகை விரித்துக் குஞ்சுகளைக் காக்கும். ஆகையால் ஆறு கிராமப்பிரியா, ஆறு சிறுவிடை, ஒரு சேவல் என்று கலந்து தொடங்குவது பலருக்கும் ஏற்ற வழி. முட்டைக்கு ஒரு கூட்டம், குஞ்சுக்கு ஒரு கூட்டம்.

மேய்ச்சலுக்கு இடமிருந்தால் கோழி ஒன்றிற்கு 40 அல்லது 50 கிராம் தானியம் கூடுதலாகப் போட்டால் போதும். கம்பு, சோளம், அரிசிக் குருணை எதுவும் ஆகும். குஞ்சுகளுக்குக் கறையானைப்போல் நல்ல தீனி இல்லை. பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத் துண்டு இவற்றை நிரப்பித் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் அதைத் தட்டினால் குஞ்சுகளுக்கு அன்றைய விருந்து ஆயத்தம். நம் பாட்டிமார் செய்த இந்த வேலையைக் கால்நடைப் பல்கலைக்கழகங்களும் பரிந்துரைக்கின்றன.

கோழிக்குப் பெரிய சத்துரு வெள்ளைக்கழிச்சல் நோய். வந்தால் கூட்டமே ஒரு வாரத்தில் அழியும். வந்தபின் மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்பது தவறான நம்பிக்கை. இரவில் கீரியும் காட்டுப்பூனையும் நுழையாத கூண்டு வேண்டும். பகலில் குஞ்சுகளுக்குப் பஞ்சாரம் வேண்டும். இவ்வளவே.

கருங்கோழி என்னும் கடக்நாத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய இக்கோழி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல இனம்தான், ஆனால் முட்டை குறைவு, அடைகாப்பதும் குறைவு. வீட்டுத் தேவைக்கு இது முதல் தெரிவு அல்ல. பொதுவாக, "குஞ்சு நாங்கள் தருகிறோம், முட்டையையும் நாங்களே அதிக விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யார் வந்தாலும் விலகிக்கொள்ளுங்கள். 2012-இல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது, ஓய்வூதியப் பணத்தையும் நகையையும் இழந்த குடும்பங்கள் ஏராளம்.

இரண்டாவது ஆடு

கோழிகள் ஓராண்டு நிலைத்து நின்றால், அகத்தியும் கிளைரிசிடியாவும் அதற்குள் ஆளுயரம் வளர்ந்திருக்கும். அப்பொழுது ஆடு வாங்கலாம்.

ஆட்டின் சினைக்காலம் 150 நாட்கள். நன்கு பராமரித்தால் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை குட்டி போடும். மூன்று பெட்டைகள் வைத்து, ஒவ்வொரு ஈற்றிலும் இரட்டைக்குட்டி என்று கொண்டால், ஆண்டிற்கு 9 குட்டிகள் என்பது காகிதக் கணக்கு. இழப்பைக் கழித்து ஆறு அல்லது ஏழு என்று எதிர்பார்ப்பதே நியாயம். அவற்றில் ஒன்றிரண்டை வீட்டிற்கு வைத்து மற்றவற்றை விற்றால், தோட்டத்தின் ரொக்கச் செலவிற்குக் கை கொடுக்கும்.

எந்த இனம் என்பதை நிலமே சொல்லும். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட காடுகளுக்குக் கன்னி ஆடு உகந்தது. கறுப்பு உடலில் முகத்தோரமாய் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி. செம்பழுப்புக் கோடானால் செங்கன்னி. கடற்கரைப் பக்கத்திற்கு நெட்டைக் காலுடைய கொடி ஆடு. மேற்கு மாவட்டங்களுக்குச் சேலம் கருப்பு. மராட்டியத்தின் வறண்ட பீடபூமியில் நிலம் வாங்கியவர்கள் உஸ்மானாபாதி ஆட்டைப் பார்க்கட்டும்; அந்த மாவட்டத்தின் பெயர் 2023-இல் தாராசிவ் என்று மாறினாலும் ஆட்டின் பெயர் மாறவில்லை. கொங்கணத்தின் பெருமழையைத் தாங்குவது கொங்கண் கன்யாள். டெல்லியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு, கட்டிவைத்து வளர்க்க இசையும் பார்பாரி நல்லது.

பாலும் வேண்டும் என்கிறவர்களுக்குத் தலைச்சேரி ஆடு ஏற்றது. குட்டிக்கு விட்டுக் கறந்தாலும் வீட்டுக் காப்பிக்கு ஆகும். கன்னியும் கொடியும் குட்டிகளைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய பாலையே தரும். அவற்றிடம் அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது. ஜமுனாபாரியின் உயரத்தைக் கண்டு மயங்கி வாங்குகிறவர்கள் பலர். யமுனை, சம்பல் ஆற்றங்கரைகளில் தழை கடித்து வளர்ந்த அந்த இனம் மற்ற இடங்களில் எளிதில் தேறுவதில்லை.

ஈரம்தான் ஆட்டின் பகை. தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், இடைவெளிவிட்ட சட்டங்களால் பரண் அமைத்தால் சாணமும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். ஆடு உலர்ந்த இடத்தில் படுக்கும். அந்த எருவே உங்கள் வாழைக்கும் முருங்கைக்கும் உரம். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்காலத்திற்கு முன் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி தவறலாகாது. குடற்புழு நீக்கம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை.

ஆடு வைத்திருப்பவர் வேலியை ஆட்டிற்கு முன்பே கட்டிவிட வேண்டும். உங்கள் ஆடு அடுத்தவர் பருத்தியில் ஒருமுறை வாய் வைத்தால், முப்பது ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பிய உறவு அன்றே கசந்துபோகும்.

பசு எப்பொழுது?

இப்பொழுது பசுவிற்கு வருவோம். உணர்ச்சியை ஒதுக்கி, ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது. வீட்டிற்கு 2 லிட்டர் போக 6 லிட்டரைச் சங்கத்தில் ஊற்றுகிறீர்கள். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகையையும் சேர்த்து, கூட்டுறவு ஒன்றியங்கள் பசும்பாலுக்குக் கொடுத்த விலை லிட்டருக்கு 38 ரூபாய். ஆறு லிட்டருக்கு 228 ரூபாய். உடலைக் காக்க ஒன்றரைக் கிலோவும், ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் என்று அடர்தீவனம் வைக்கவேண்டும்; மொத்தம் 4.7 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று கொண்டால் 141 ரூபாய். வைக்கோல் 5 கிலோ, கிலோ 8 ரூபாய் என்றால் 40 ரூபாய். மீதி 47 ரூபாயும் வீட்டிற்கு 2 லிட்டர் பாலும். பசுந்தீவனம் உங்கள் நிலத்தில் விளைந்தால் இந்த மீதி நிற்கும். 25 கிலோவைக் கிலோ 3 ரூபாய்க்கு வாங்கினால் 75 ரூபாய். கைப்பணம் 28 ரூபாய் போகிறது. கூலியாளும் வைத்தால் சொல்லவேண்டியதில்லை.

அன்றியும், பசு ஆண்டு முழுவதும் கறக்காது. நன்றாகப் பராமரித்த பசுவும் கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் வற்றி நிற்கவேண்டும். சினை ஊசி தவறினால் அந்த இடைவெளி நீளும். அப்பொழுதும் அது தின்னும்.

காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மராட்டியத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் கர்நாடகத்தில் 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் காளைகளையும் எருதுகளையும் வெட்டுவதைத் தடை செய்கின்றன. ஆகவே அங்கே வயதான மாட்டையும் காளைக்கன்றையும் வாங்குவார் இல்லை. வளர்த்தவரே தீனி போடவேண்டும்.

ஆகையால் தன்னிறைவை நாடும் குடும்பத்திற்குக் கூடுதலாய்க் கறக்கும் பசுவைவிடக் குறைவாய்த் தின்று நோயின்றி நிற்கும் பசுவே மேலானது. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் ஊர் நாட்டுப்பசு, உங்கள் வெயிலில் பிறந்து உங்கள் சோளத்தட்டையைத் தின்று வளர்ந்தது. கேரளத்தின் வெச்சூர் பசு மூன்று அடி உயரமே உள்ளது. சிறிதளவு தீனியில் இரண்டு மூன்று லிட்டர் தரும். லாத்தூர், பீதர் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேவணி, குஜராத்தில் கிர், வடக்கே சாகிவால். காங்கேயமும் ஹல்லிகாரும் கம்பீரமான இனங்கள். ஆனால் அவை முதன்மையாக உழைப்பிற்கு வளர்க்கப்பட்டவை. பாலை எண்ணி அவற்றை வாங்குகிறவர் ஏமாற்றமடைவார். தண்ணீரும் புல்லும் குறைவின்றி இருந்து, சங்கமும் கால்நடை மருத்துவமனையும் அருகில் இருந்தால் ஜெர்சி கலப்பினம் வைக்கலாம். ஹோல்ஸ்டீன் கலப்பினம் குளிர்ந்த இடங்களுக்கே உரியது.

எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி, விலையும் மிகுதி. ஆனால் எருமை வெயிலைத் தாங்காது. புரளக் குட்டையோ நாள்தோறும் குளிப்பாட்டத் தண்ணீரோ வேண்டும். அதன் சினைக்காலமும் பத்து மாதத்திற்கு மேல்.

மற்ற ஜீவன்கள்

வாத்து வளர்க்கக் குளம் அவசியமில்லை. தலை மூழ்கும் ஆழத்திற்குத் தொட்டியில் தண்ணீர் இருந்தால் போதும். காக்கி காம்பெல் ஆண்டிற்கு 300 முட்டை அளவிலும் இடும். வயலோரத்தில் நத்தையையும் புழுவையும் தின்று வளரும். முயலின் சினைக்காலம் 31 நாட்களே. ஆனால் கடும் வெப்பத்தில் துவண்டுவிடும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முயல்களை வளர்த்துவருவதே அதற்கு எந்தத் தட்பவெப்பம் இசைகிறது என்பதைக் காட்டும். பன்றி 114 நாளில் எட்டுப் பத்துக் குட்டிகள் போடும். எனினும் சுற்றியுள்ளோர் மனநிலையை அறியாமல் அதைத் தொடங்கலாகாது. 2020 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் நம் நாட்டில் பரவி வருகிறது.

தேனீயைக் கால்நடையில் சேர்ப்பதா என்று கேட்கலாம். தீவனம் கேட்காமல் தோட்டத்திற்குத் தொண்டு செய்யும் ஜீவன் அது ஒன்றே. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றுள் கோழியும் தேனீப்பெட்டியும் முக்கியமானவை. மக்கள் கையிலிருப்பதைக் கொண்டே தொடங்குவதுதான் அவர் வழி. இன்றும் அப்பகுதி தேனுக்குப் பேர்பெற்றது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. ஆயினும் அவர்கள் மீண்டும் பெட்டிகளை நிரப்பினார்கள். தென்னையும் முருங்கையும் உள்ள தோட்டத்தில் இரண்டு பெட்டி வைத்துப் பாருங்கள்.

சந்தையில் பார்க்கவேண்டியவை

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையானாலும் மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையானாலும், முதல்முறை போகும்போது பணம் கொண்டுபோகாதீர்கள். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டாம் முறை, ஆடு மாடு வளர்த்துப் பழகிய ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலை உங்களுக்குப் புரியாது; அவருக்குப் புரியும்.

பல்லைப் பாருங்கள். பசுவிற்குக் கீழ்த்தாடையின் முன்புறம் இரண்டு நிலைப்பற்கள் இருந்தால் வயது ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை. எட்டும் சேர்ந்திருந்தால் ஐந்தை எட்டியது. ஆட்டிற்கு இரண்டு பல் என்றால் ஓராண்டிற்குச் சற்று மேல். பசுவை இரண்டாம் ஈற்றில், கன்று போட்ட ஒரு மாதத்திற்குள் வாங்குவது நல்லது. மடி கறக்குமுன் நிறைந்தும் கறந்தபின் தளர்ந்து சுருங்கியும் இருக்கவேண்டும். கறந்தபின்னும் கல்லாய் இருந்தால் அது பால் அல்ல, தசை. நான்கு காம்பிலும் முதல் பீச்சை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். திரியாகவோ நீராகவோ வந்தால் விட்டுவிடுங்கள்.

முக்கியமாக, ஒரே ஒரு கறவையை நம்பாதீர்கள். முந்தின வேளை கறக்காமல் விட்டு, மறுவேளையில் மொத்தமாய்க் கறந்து காட்டுவது பழைய தந்திரம். கூடுமானால் சந்தையில் வாங்காமல், வளர்த்தவரின் வீட்டிற்கே சென்று தொடர்ந்து மூன்று வேளை கறப்பதைப் பாருங்கள். முதல் வேளையைத் தள்ளிவிட்டுப் பின் இரண்டு வேளையைக் கூட்டினால் ஒரு நாளின் உண்மையான அளவு தெரியும்.

வாங்கி வந்த எந்த ஜீவனையும் மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள். பழைய தீனியைத் திடீரென்று மாற்றாதீர்கள்.

நோயும் தீனியும்

கால் வாய் காணை நோய்க்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை தடுப்பூசி. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இது இலவசம். அதே ஆண்டில் நம் நாட்டில் முதன்முதல் காணப்பட்ட தோல் கழலை நோய் 2022-இல் வடமேற்கு மாநிலங்களில் திரளான மாடுகளைக் கொன்றது. அதற்கும் ஊசி உண்டு. கால்நடை ஆம்புலன்ஸ் வேண்டினால் பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணை அழைக்கலாம். இந்த எண்ணைத் தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள்.

மனிதர் இரக்கத்தினால் கொல்லும் மாடுகளும் உண்டு. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை அண்டாவோடு மாட்டின் முன் வைத்தால், வயிற்றில் அமிலம் பெருகி இரண்டு நாளில் அது இறக்கக்கூடும். பூக்காத இளஞ்சோளப் பயிரிலும் மரவள்ளி இலையிலும் நஞ்சுண்டு. பிறந்த கன்றிற்கு முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்டவேண்டும். "நஞ்சுக்கொடி விழட்டும்" என்று காத்திருப்பது கன்றின் ஜீவனோடு விளையாடுவதாகும். வீட்டார் எந்தப் பாலையும் காய்ச்சியே குடிக்க வேண்டும். பச்சைப் பாலினால் புருசெல்லா, காசநோய் முதலியவை மனிதருக்கும் தொற்றும்.

மூன்று ஆண்டுத் திட்டம்

ஆகவே வரிசை இதுவே. முதலாம் ஆண்டு: தண்ணீர், வேலி, தழை மரங்கள், புல், பன்னிரண்டு கோழிகள். இரண்டாம் ஆண்டு: மூன்று பெட்டை ஆடுகள்; கிடாவிற்கு ஊரில் ஏற்பாடு. இரண்டு மூன்று ஆட்டிற்காகக் கிடா வளர்ப்பது வீண். மூன்றாம் ஆண்டு: புல் மிஞ்சுகிறதா, முழங்கால் இடங்கொடுக்கிறதா என்று பார்த்து ஒரு பசு. இரண்டு மாடுகளானால் நாளுக்கு 25 கிலோ சாணம் கிடைக்கும். ஒரு கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் அமைத்துச் சிறு குடும்பத்தின் அடுப்பை எரிக்கலாம். ஆனால் அடுப்பிற்காக இரண்டாம் மாடு வாங்கவேண்டாம். நகர எல்லைக்குள் நிலம் உள்ளவர்கள், கால்நடை வளர்க்க மாநகராட்சி அனுமதி வேண்டுமா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளட்டும்.

ஏசா தன்னோடு வரும்படி அழைத்தபோது, யாக்கோபு அதற்கு இணங்காததன் காரணம் நாம் அறிந்ததே: அவனோடு இளம் பிள்ளைகளும் கறவைகளும் இருந்தன. மந்தையை வைத்திருக்கிறவன் மந்தையின் நடைக்கே நடக்கவேண்டும் என்பதை அந்த மேய்ப்பன் அனுபவத்தில் அறிந்திருந்தான். ஓய்வுபெற்ற பணம் கையில் வந்த மாதத்தில் நமக்கு அந்தப் பொறுமை மிகவும் வேண்டும்.

பிம்ப்ரியிலிருந்து திரும்பிய அந்தச் சகோதரர் ஊரை விட்டு மறுபடியும் வந்துவிடவில்லை. மாடு விற்ற பணத்தில் முதலில் கிணற்றைத் தூர் வாரினார். வேலியோரமெங்கும் அகத்தி நட்டார். அவர் மனைவி எட்டுக் கோழிகளோடு தொடங்கினார். நான்காம் ஆண்டில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் மூன்று வேளை உட்கார்ந்து பார்த்து, சிவப்பு நிற நாட்டுப்பசு ஒன்றை வாங்கினார். அது இரண்டரை லிட்டர் கறக்கிறது. "விற்பதற்குப் பால் இல்லை, விலைக்கு வாங்குவதும் இல்லை" என்று சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னார். பேச்சின் நடுவே, "தண்ணீர் காட்டும் நேரமாயிற்று" என்று சொல்லி வைத்துவிட்டார்.